நீலப் பெட்டியும் பச்சைப் பெட்டியும்

எங்க அக்காவுக்கு "முடியாது"ன்னு சொல்றதுக்குத்தான் சம்பளம். கிண்டல் பண்ணலைங்க, நிஜமாவே அதான் அவ உத்தியோகம்.

ஆஸ்பத்திரி, பேங்க், பெரிய ஆபீஸ் எங்க போனாலும் ஏதோ ஒரு மூலையில கண்ணாடிக் கதவு வெச்ச இரும்பு அலமாரி ஒண்ணு நிக்கும். உள்ள தட்டைத் தட்டையா பெட்டிங்க, முகம் பூரா பொடிப் பொடியா விளக்கு, கட்டுக் கட்டா வயர். ஸ்விட்ச்சுன்னு பேரு. அந்தக் கட்டடத்துல ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னாலும் அந்தப் பெட்டி வழியாத்தான் பேசணும். அந்தப் பெட்டியைச் செய்ற கம்பெனியில அக்கா சோதனைப் பிரிவு. புதுப் பெட்டியைச் சூட்டறைன்னு ஒரு ரூம்ல போட்டு வேகவெப்பா, வயரைப் பிடுங்குவா, திரும்பக் குத்துவா, கன்னாபின்னான்னு தகவல் அனுப்பிக் குழப்புவா. ஒரு குறை தெரிஞ்சாலும் போச்சு. "முடியாது, இதை வெளியே விட மாட்டேன்." மேனேஜர் கெஞ்சினாலும் அதே பதில், முதலாளியே வந்து நின்னாலும் அதே பதில். சின்ன வயசுல என் ஆடுற பல்லைப் பிடுங்கினதும் இவதான். அப்பவும் யாரு கெஞ்சினதையும் கேக்கல.

நான் வயர் இழுக்கிற காண்ட்ராக்டர். அக்கா கம்பெனிப் பெட்டிக்கு முகம் நீலம், அதனால நாங்க வயர்க்காரங்க அதை நீலக் கம்பெனின்னு சொல்லுவோம். அதுக்குப் பரம எதிரி ஒண்ணு இருந்துச்சு, பச்சைக் கம்பெனி. நீலத்துக்காரன் பெட்டியில வயர் குத்துற ஓட்டை நாலு கூட வெச்சா, அடுத்த மாசமே பச்சைக்காரன் எட்டு ஓட்டை வெப்பான். இவன் வேகம்னா அவன் அதிவேகம்பான். ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்லுவாங்களே, அது மாதிரி வாங்குறவனுக்கு நல்ல காலம். எங்களுக்கும் வேலைக்குப் பஞ்சமில்ல.

இதுல கூத்து என்னன்னா, அக்கா புருஷன், எங்க மாமா, பச்சைக் கம்பெனிக்காரரு. பெட்டிக்குள்ள ஓடுற மென்பொருளை எழுதுறவர். ஒரு பேங்க்ல ரெண்டு கம்பெனியையும் கூப்பிட்டுப் பெட்டியை ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. இவ அவரு பெட்டியில குறை கண்டுபிடிச்சா. அவரு இவ குறை சொல்ற விதத்துலயே குறை கண்டுபிடிச்சாரு. அங்க ஆரம்பிச்ச சண்டை கல்யாணத்துல போய் முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னா சொல்ல முடியும்? வீட்டுக்குள்ளயும் தொடர்ந்துச்சு.

அக்கா அவரை எதிர்க்கட்சின்னுதான் கூப்பிடுவா. அவரு இவளை ஆளுங்கட்சின்னு சொல்லுவாரு. ஆபீஸ் போன் வந்தா அவரு பால்கனிக்கு ஓடுவாரு, இவ குளியலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பேசுவா. ஒருநாள் நான் சாப்பிட உக்காந்திருக்கேன், "உங்க புதுப் பெட்டி விசிறி எருமை மாதிரி கத்துதாமே"ன்னு அவரு கேக்குறாரு. "உங்க பெட்டி வாரத்துக்கு ஒருக்கா மயக்கம் போட்டு விழுதாமே, அதை முதல்ல தண்ணி தெளிச்சு எழுப்புங்க"ங்கிறா இவ. அவங்க மக தட்டைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிருவா. நான் அந்தச் சண்டையைப் பாக்கத்தான் அங்க சாப்பிடப் போறதே. சமையல் சுமார்தான்.

நம்ம ஆளுங்க அந்தக் கல்யாணத்தைக் கேலி பண்ணினப்ப அக்கா ஒரு வார்த்தை சொன்னா. "ஒரு கம்பெனி படுத்தா இன்னொண்ணு நிக்கும்டா. குடும்பம் நடுத்தெருவுக்கு வராது." அவ தமாஷாச் சொன்னா. ஆனா அது பொய்யில்ல.

பெரிய ஆஸ்பத்திரியிலயும் அதே கணக்குதான் போட்டாங்க. அங்க வயர் வேலை பூரா என்னோடது. இருதய வார்டுல ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்துலயும் நோயாளி துடிப்பைக் காட்டுற கருவி இருக்கும். துடிப்பு தப்பினா நர்ஸ் ரூம்ல மணி அடிக்கும். அந்தச் சேதி போற வழி நம்ம அலமாரி. அதனால அங்க ரெண்டு பெட்டி, ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. ஒண்ணு விழுந்தா கண் இமைக்கிறதுக்குள்ள இன்னொண்ணு தாங்கிப் பிடிக்கும். ஒரே கம்பெனிப் பெட்டியா ரெண்டு வாங்கினா, ஒண்ணுக்கு வந்த வியாதி இன்னொண்ணுக்கும் வரும். வேற வேற கம்பெனின்னா வராது. அதான் கணக்கு. இந்த ஏற்பாட்டைச் செஞ்சது அங்க கம்ப்யூட்டர் பொறுப்பாளர். எதைக் கண்டாலும் அதுமேல ஒரு சீட்டு ஒட்டி வெப்பாரு, நாற்காலி, கதவு, குப்பைத்தொட்டிகூட விட மாட்டாரு. நாங்க அவருக்கு வெச்ச பேரு ஸ்டிக்கர்.

அப்புறம் ஒருநாள் ஒரு பெரிய கம்பெனி வந்து நீலத்தை வாங்குச்சு. அக்கா மூஞ்சி செத்துப் போச்சு. மாமா ஒரு வாரம் கேலி பண்ணினாரு, "ஆளுங்கட்சி கவுந்துருச்சே"ன்னு. அந்த ஒரு வாரம் முடிஞ்சதுதான் தாமதம், அதே பெரிய கம்பெனி பச்சையையும் வாங்கிருச்சு.

அன்னிக்குக் காலையில நான் அவங்க வீட்லதான் இருந்தேன். சாப்பாட்டு மேஜைமேல ரெண்டு பேர் போனும் பக்கத்துப் பக்கத்துல கிடந்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல "டிங்"குன்னுச்சு. ரெண்டு பேரும் எடுத்துப் படிச்சாங்க. ஒரே கடிதம், ஒரே வரி. "இனி நாம் ஒரே குடும்பம்." அக்கா அவரைப் பாத்தா, அவரு அக்காவைப் பாத்தாரு. "நாம ஏற்கெனவே குடும்பம்தானே"ன்னு மாமா சொல்லிச் சிரிச்சாரு. யாருக்கும் அதுக்கு மேல சிரிப்பு வரல.

வாங்கினவன் ஒரு நல்ல தந்திரம் பண்ணினான். பேரை மாத்தலை. நீலம் நீலமாவே இருக்கட்டும், பச்சை பச்சையாவே இருக்கட்டும், வாங்குறவங்க பழகின முகத்தை விட்டுக்குடுக்க வேண்டாம்னுட்டான். ஆனா நீலக் கம்பெனியில மென்பொருள் எழுதின மாடி காலியாயிருச்சு. அக்கா சொன்னா, அந்த மாடியில நாற்காலி அப்படியே இருக்கு, ஒரு நாற்காலி முதுகுல யாரோ போட்டுட்டுப் போன ஸ்வெட்டர் தொங்குது, தண்ணி பாட்டில் பாதி காலியா நிக்குது, ஆளு மட்டும் இல்லைன்னு. விளக்கு தானா எரியுமாம், தானா அணையுமாம். சோதனைக்கு ஆளு தேவைன்னு அவளை மட்டும் விட்டு வெச்சாங்க.

விற்பனைக்காரன் ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கு வருவான். காலையில நீலச் சட்டை போட்டுக்கிட்டு "பச்சையைவிட நாங்க பெஸ்ட்"ம்பான். சாயங்காலம் பச்சைச் சட்டையில வந்து "நீலமெல்லாம் ஒரு பெட்டியா சார்?"ம்பான். அதே ஆளு! நான் அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன். கொஞ்சமாவது கூச்சம் வேணாமா? அவன் என்னைப் பாத்துக் காலையிலயும் வணக்கம் சொன்னான், சாயங்காலமும் முதல் தடவை பாக்குற மாதிரி வணக்கம் சொன்னான். எனக்குக் கோவம் வரணும். வரல. பயந்தான் வந்துச்சு.

வீட்லயும் ஒரு மாதிரி ஆயிருச்சு. சண்டை நின்னு போச்சு. எதைப் பத்திச் சண்டை போடறது? குளியலறைக் குழாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. ரெண்டு பேரும் அமைதியா சாப்பிடுவாங்க, கரண்டி தட்டுல படுற சத்தம் மட்டும் கேக்கும். மாமா பேச்சு கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. "நாம் இணைந்து வளர்வோம்", "மாற்றம்தான் வாய்ப்பு"ன்னு ஏதோ மைக் முன்னாடி பேசுற மாதிரி வரும். "மாமா, எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க"ன்னா, "கண்டிப்பா, உங்க தேவைதான் எங்க முன்னுரிமை"ம்பாரு. தமாஷுக்குச் சொல்றாருன்னு சிரிச்சேன். அவரு சிரிக்கல.

இந்த நேரத்துலதான் கம்பெனி ஒரு முடிவு எடுத்துச்சு. எதுக்கு ரெண்டு மென்பொருள்? பச்சையோடதே போதும், மாமா எழுதினது. அதை நீலப் பெட்டிக்குள்ளயும் ஏத்திட்டாங்க. வெளியே நீலம், உள்ளே பச்சை. அதே சமயம் நீலக் கம்பெனியோட ஒரு பெருமையை ரெண்டுக்கும் சேத்து விளம்பரம் பண்ணினாங்க. அது அக்கா பாடுபட்டு வாங்கிக் குடுத்த பெருமை. "எங்க பெட்டியை ஒரு தடவை போட்டா அப்புறம் அணைக்கவே வேண்டாம்." ஸ்டிக்கர் சும்மா இருப்பாரா? அலமாரிமேல பெருசா எழுதி ஒட்டிட்டாரு, 'அணைக்கக் கூடாது.'

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி ஆளு வந்து, ஒரு காலையில ரெண்டு பெட்டிக்கும் புது மென்பொருளை ஏத்தி, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டுப் போனான். ஒரு வருஷம் ஓடுச்சு. ஒரு குறையும் இல்ல.

ஒருநாள் மத்தியானம் அக்கா என்னோட ஆஸ்பத்திரிக்கு வந்தா. அலமாரி ரூமைப் பாக்கணும்னா. திறந்து விட்டேன். அந்த ரூம் எப்பவும் குளிரா இருக்கும், ஜன்னல் கிடையாது. உள்ள வந்தவ அலமாரி முன்னாடியே நின்னுட்டா. நான் வயரை எண்ணிக்கிட்டிருந்தேன். "டேய், விளக்கைப் பாரு"ன்னா.

எங்க தொழில்ல இருக்கிறவனுக்குப் பெட்டி முகத்தைப் பாக்க வேண்டாம், விளக்கு மின்னுறதைப் பாத்தே சொல்லிருவான். நீலம் படபடன்னு மின்னும், வாயாடி. பச்சை நிதானமா மின்னும். இப்போ ரெண்டும் ஒண்ணா மின்னுச்சு. ஒண்ணா அணைஞ்சுது, ஒண்ணா எரிஞ்சுது. ஒரே மூச்சு. இத்தனை நாளா அந்த ரூமுக்குள்ள போய் வந்துக்கிட்டிருந்தவன் நான், கண்ணுல படவே இல்ல. படுத்துத் தூங்குற ரெண்டு பேர் நெஞ்சு ஒரே நேரத்துல ஏறி இறங்குறதைப் பாத்த மாதிரி இருந்துச்சு. நான் கதவைச் சாத்திட்டேன், சத்தியமா.

"ஒரே குட்டையில ஊறின மட்டை ஆயிருச்சுடா. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணும் விழும்"னு அக்கா சொன்னா. வார்டு வழியா வெளியே வந்தோம். நர்ஸ் ரூம்ல ஒரு பொண்ணு ஏதோ எழுதிக்கிட்டிருந்துச்சு. அக்கா அதுகிட்ட, "மணி அடிக்கலைன்னா என்ன நினைப்பீங்க?"ன்னு கேட்டா. "எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நினைப்பேன்"னு அது சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. அக்கா திரும்பி வார்டுல எத்தனை படுக்கைன்னு எண்ணினா.

அதுக்கு அப்புறம் கொஞ்ச நாள்தான். அக்காவோட சூட்டறையில ஒரு நீலமும் ஒரு பச்சையும் அதே மென்பொருளோட நிக்காம ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரிப் பெட்டிக்கு ஏத்துறதுக்கு முந்தின நாள் போட்டது. ஒரு காலையில அக்கா உள்ள குனிஞ்சு ஏதோ பாத்துக்கிட்டிருந்தப்ப, திடீர்னு ரூம்ல சத்தமே இல்லாம போச்சு. ரெண்டு விசிறியும் ஒரே நேரத்துல நின்னுருச்சு. விளக்கெல்லாம் ஒண்ணா அணைஞ்சிருச்சு. மின்சாரம் போகல, மேல லைட் எரியுது. "குண்டூசி விழுந்தாக்கூட கேட்டிருக்கும்டா. எத்தனையோ வருஷமா அந்த ரூம்ல வேலை பாக்குறேன், அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்ல"ன்னா.

உடனே மாமாவுக்குப் போன் பண்ணினா. நான் பக்கத்துல இல்ல, ஆனா அவ வார்த்தைக்கு வார்த்தை சொன்னா. விஷயம் இதுதான். பெட்டி தான் எவ்வளவு நேரமா முழிச்சிருக்கேன்னு உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கும். அந்த எண்ணை எழுதுறதுக்கு இவ்வளவுதான் இடம்னு மாமா அன்னிக்கு ஒதுக்கியிருந்தாரு. இடம் நிறைஞ்சா பெட்டி விழுந்துரும். பச்சைக் கம்பெனியில இது ஒரு பிரச்சினையே இல்ல. அங்க மாசாமாசம் பெட்டியை அணைச்சுப் போடச் சொல்றது வழக்கம், எண்ணிக்கை திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கும். நிறையவே நிறையாது. நீலக் கம்பெனியில அணைக்கிற வழக்கமே இல்ல, ஆனா அவங்க மென்பொருள்ல இந்தக் குறையும் இல்ல. ரெண்டு கம்பெனிக்கும் கல்யாணம் பண்ணி வெச்சவன் மாப்பிள்ளை வீட்டுக் குறையையும் பொண்ணு வீட்டுப் பிடிவாதத்தையும் சேத்து வெச்சுட்டான். அந்த எண்ணிக்கைக்கு இடம் நிறைஞ்சிருச்சான்னுதான் அக்கா கேட்டா. மாமா அந்த மென்பொருளைத் திறந்து பாத்தாராம். அப்புறம், "ஆமா, நான் எழுதினதுதான். இது நிறையும்னு நான் யோசிக்கவே இல்ல. ஐயோ, ஆஸ்பத்திரி"ன்னாராம்.

ஆஸ்பத்திரிப் பெட்டி ஒருநாள் பிந்தினது. அப்போ அது மறுநாள் காலையில விழும்.

புது மேனேஜர்கிட்ட ஓடினா. எப்பவும் சிரிச்ச முகம் அவனுக்கு, யாராவது செத்தாலும் அப்படித்தான் இருப்பான்போல. "தெரியும், அடுத்த வெளியீட்டில் சரிசெய்கிறோம். வெளியில் பேச வேண்டாம்." ஆஸ்பத்திரிக்கு மட்டுமாவது சொல்லலாமேன்னு கேட்டா. "ஒரு இடத்தில் சொன்னால் எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும்." அக்கா பையை எடுத்துக்கிட்டு நேரா என்கிட்ட வந்துட்டா.

தீர்வு ரொம்பச் சின்னது. ரெண்டுல ஒரு பெட்டியை ஒரு தடவை அணைச்சுப் போட்டா போதும். அதோட எண்ணிக்கை முதல்லேருந்து ஆரம்பிக்கும், மறுநாள் ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கும். ஸ்டிக்கர்கிட்ட போய்க் கெஞ்சினோம். அவரு எங்களை ஏற இறங்கப் பாத்தாரு.

"ரெண்டு வேற வேற கம்பெனிம்மா. இதோ பாருங்க, பேரு வேற, கலரு வேற. நானே பாத்துப் பாத்து வாங்கினது."

"மேல இருக்கிற பேரைப் பாக்காதீங்க சார், உள்ள..."

அவரு கம்பெனிக்குப் போன் போட்டாரு. ரெண்டு நம்பருக்கும் போட்டாரு, நீலத்துக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு. ஸ்பீக்கர்ல கேட்டோம். ரெண்டுலயும் ஒரே பெண் குரல், ஒரே பதில். "எந்தக் குறையும் இல்லை, கருவியை அணைக்க வேண்டாம்." ஸ்டிக்கர் வெற்றிகரமா எங்களைப் பாத்தாரு. "கேட்டீங்களா? ரெண்டு கம்பெனியும் சொல்லுது!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரு நெத்தியில ஒரு ஸ்டிக்கரை ஒட்டியிருப்பேன். அக்கா என் கையைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டு வந்தா. அலமாரிச் சாவி என்கிட்ட இருந்துச்சு. ரூமுக்குப் போனோம், திறந்தேன். அந்த விளக்குங்க ஒண்ணா மின்னிக்கிட்டே இருந்துச்சு. அக்கா கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னா. பச்சையைத் தொடல. நீலப் பெட்டியோட மின்வயரைப் பிடுங்கினா. தானே பாத்துப் பாத்து வளத்த பெட்டி. அது அணைஞ்சுது, பச்சை சுமையைத் தாங்கிக்கிச்சு, வார்டுல ஒரு மணிகூட தப்பா அடிக்கல. திரும்பக் குத்தினா. நீலம் எந்திரிச்சு மின்ன ஆரம்பிச்சுது. இப்போ ரெண்டும் முன்ன பின்ன மின்னுச்சு. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. அதுக்குள்ள ஸ்டிக்கர் காவலாளியோட வந்து நின்னுட்டாரு. சாவியைப் பிடுங்கிக்கிட்டு எங்களை வெளியே தள்ளினாங்க.

மறுநாள் காலையில அக்கா சொன்ன நேரத்துக்குப் பச்சைப் பெட்டி செத்துச்சு. நீலம் நின்னுச்சு. வார்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அன்னிக்குக் காலையில ஒரு பெரியவருக்குத் துடிப்பு தப்பி மணி அடிச்சுதாம், அந்த நர்ஸ் பொண்ணு ஓடிப் போய்க் காப்பாத்துச்சாம். அது பின்னாடி என்கிட்ட சொல்லுச்சு. அந்தப் பொண்ணுக்கு அது வழக்கமான ஒரு காலை.

நல்லதுக்குக் காலமில்லைங்க. ஆபத்து வந்திருந்தாத்தான் நம்புவாங்க, வராததை யாரு நம்புவா? ஸ்டிக்கருக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணுதான். நேத்து ஒரு பொம்பளை வயரைப் பிடுங்கினா, இன்னிக்கு ஒரு பெட்டி செத்துப்போச்சு. அக்கா சாட்சிக்குச் சூட்டறையில இருக்கிற ரெண்டு பெட்டியைக் காட்டலாம்னு ஓடினா. சூட்டறை காலி. மேஜை துடைச்சுப் பளபளன்னு இருந்துச்சு. பெட்டி இருந்த இடத்துல தூசித்தடம்கூட இல்ல. "எந்தப் பெட்டி?"ன்னு கேட்டானாம் மேனேஜர்.

அவன் அக்காவையும் மாமாவையும் சேத்து உக்கார வெச்சுப் பேசினான். "ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரையும் அனுப்ப எங்களுக்கு மனசில்லை. ஒருவர் தவறு என்றால் போதும்." ஆஸ்பத்திரியில விசாரணை, கம்பெனி சார்பா மாமாதான் பேசணும், அவரு எழுதின மென்பொருள்தானே. என்ன பேசணும்னு ஒரு வாக்கியமும் குடுத்துட்டான்.

அன்னிக்குச் சாயங்காலம் நான் அங்க இருந்தேன். மாமா அழுதாரு. "உண்மையைச் சொல்லிடறேன், என்ன ஆனாலும் ஆகட்டும்"னாரு. அக்காதான் தடுத்தா. "உண்மையைச் சொன்னா ரெண்டு பேரும் வெளியே. மக படிச்சிக்கிட்டிருக்கா. இனிமே நம்மளை வேலைக்கு வெச்சுக்க எதிர்க்கம்பெனின்னு ஒண்ணு இருக்கா? எல்லாம் அவனுதுதான். ஆஸ்பத்திரி தப்பிச்சிருச்சு, மத்த இடத்துக்குத் திருத்தின மென்பொருளை இந்த வாரமே அனுப்பணும்னு அவன்கிட்ட சத்தியம் வாங்குங்க. பழியை எம்மேல போடுங்க. ஒருத்தராவது நிக்கணும்." முடியாது முடியாதுன்னே காலத்தை ஓட்டினவ, அன்னிக்குச் சரின்னா.

விசாரணையில மாமா எந்திரிச்சு நின்னாரு. "அனுமதியற்ற நபர் கருவியைக் கையாண்டதால் ஏற்பட்ட மின்னழுத்த மாற்றமே கோளாறுக்குக் காரணம். மென்பொருளில் குறை எதுவும் இல்லை." தடுமாறவே இல்ல. குரல் நடுங்கல. முந்தின நாள் அழுத ஆளு இவருதானான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நல்லா நடிக்கிறாருன்னு நினைச்சுக்கிட்டேன். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவ வேலை போச்சு, ஆஸ்பத்திரியில என் காண்ட்ராக்டும் போச்சு. திருத்தின மென்பொருள் எல்லா இடத்துக்கும் சத்தமில்லாம போச்சு, சொன்னபடி. அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். மக தோழி வீட்டுக்குப் போயிருந்தா. நாங்க மூணு பேரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். அக்கா பழைய மாதிரி அவரைச் சீண்டிப் பாக்கணும்னு நினைச்சாபோல.

"என்ன எதிர்க்கட்சி, இப்பவாவது ஒத்துக்கங்க. உங்க பெட்டி விழுந்துச்சு, என் பெட்டி நின்னுச்சு."

மாமா தலையை நிமித்தினாரு. "அனுமதியற்ற நபர் கருவியைக் கையாண்டதால்தான் அது விழுந்துச்சு"ன்னாரு.

அக்கா சிரிச்சா. "போதும் போதும், கதவு சாத்தியிருக்கு, தம்பியைத் தவிர யாருமில்ல."

"யாரு இருந்தா என்ன? நடந்தது அதானே."

"நான் சூட்டறையிலேருந்து உங்களுக்குப் போன் பண்ணினேன். எண்ணிக்கை நிறையும்னு யோசிக்கலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"போனா?" அவரு நிஜமாவே யோசிச்சாரு. நெத்தியைச் சுருக்கிக்கிட்டு, நமக்கு உதவி பண்ணணுமேங்கிற அக்கறையோட யோசிச்சாரு. "இல்லையே. நீ அன்னிக்கு எனக்குப் போன் பண்ணலையே."

அவரு பொய் சொல்ற முகம் எனக்குத் தெரியும். எத்தனை தடவை என்கிட்ட சீட்டாட்டத்துல மாட்டியிருக்காரு. அது பொய் சொல்ற முகம் இல்லைங்க. "மாமா, நீங்க அழுதீங்க, நான் பாத்தேன்"னு கத்திட்டேன். அவரு என்னைப் பாத்துப் பாவமாச் சிரிச்சாரு. உடம்பு சரியில்லாதவனைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு. அப்புறம் தட்டை எடுத்துக்கிட்டுப் போய்க் கழுவி வெச்சுட்டு, கொஞ்ச நேரம் படுக்குறேன்னு உள்ள போயிட்டாரு.

அக்கா கைகூடக் கழுவல. எச்சில் கையோட அந்த அறைக் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. உள்ளேருந்து அவரு மூச்சு விடுற சத்தம் சீரா வந்துக்கிட்டிருந்துச்சு.

"டேய்"னா. "பழியைத்தானேடா நான் எடுத்துக்கிறேன்னு சொன்னேன். அவரைக் குடுக்குறேன்னு நான் சொல்லவே இல்லையேடா."